வடக்கே நண்பர்களை விட்டு வந்தவர்களுக்கு



டெல்லியிலும் நாக்பூரிலும் பிலாயிலும் கொல்கத்தாவிலும் முப்பது, முப்பத்தைந்து ஆண்டுகள் மத்திய அரசு அலுவலகங்களிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் வேலை பார்த்துவிட்டு, ரிடையரான கையோடு தாம்பரத்துக்கோ ஸ்ரீரங்கத்துக்கோ கோவைக்கோ வந்து குடியேறியவர்கள் நீங்கள். உங்களிடம் எனக்கு ஒரு மனக்குறை இருக்கிறது. ஒரு வேண்டுகோளும் இருக்கிறது. குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆயுளின் நடுப்பகுதி முழுவதையும் யாரோடு கழித்தீர்களோ, அவர்களை லாரியில் சாமான் ஏற்றிய அன்றோடு விட்டுவிட்டீர்கள். சண்டை போட்டுக்கொண்டு பிரியவில்லை. ஸ்டேஷன் வரை வந்து வழியனுப்பினார்கள், கண் கலங்கினார்கள், அடிக்கடி வருவோம் என்று நீங்களும் சொல்லிவிட்டுத்தான் வந்தீர்கள். அதற்குப் பிறகு போகவில்லை. அங்கே விட்டு வந்த நண்பருடைய பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தபோது வாழ்த்து அனுப்பினீர்கள். அவர் மனைவி தவறியபோது போனில் பேசினீர்கள். தீபாவளிக்கு ஒரு படம், புத்தாண்டுக்கு ஒரு படம் வாட்ஸ்அப்பில் போய்க்கொண்டுதான் இருக்கிறது. நீங்கள்தான் போகவில்லை. இந்த ஆண்டிலேயே விமானம் ஏறிப் போய் அவரைப் பாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடலை எழுதுகிறேன். கல்யாணத்தையோ காசி யாத்திரையையோ சாக்காக வைத்துக்கொள்ளாமல், அவரைப் பார்ப்பதற்காகவே போக வேண்டும்.

நீங்கள் வேலையில் இருந்த காலத்தில் பயணம் என்றால் அது தெற்கு நோக்கித்தான். எல்.டி.சி. என்ற விடுப்புப் பயணச் சலுகையின் விதிகளும் அதற்கு ஏற்றபடி இருந்தன. நான்கு ஆண்டு பிளாக்கில் இரண்டு முறை சொந்த ஊருக்குப் போகலாம். அல்லது ஒரு முறை சொந்த ஊர், இன்னொரு முறை இந்தியாவில் விரும்பிய இடம். பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவன் தன் மனிதர்களை அவ்வப்போது பார்த்துவிட்டு வரவேண்டும், அது அவனுக்கு அவசியம் என்று அரசாங்கமே ஒப்புக்கொண்டு செலவையும் ஏற்றுக்கொண்டது. ஓய்வு பெற்றதும் அந்த அவசியம் தீர்ந்துவிடவில்லை. இப்போது நீங்கள் சொந்த ஊரில் இருக்கிறீர்கள், உங்கள் மனிதர்களில் பாதிப் பேர் வடக்கே இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவருக்கு எல்.டி.சி. கிடையாது என்பதால், சொந்த ஊர் வந்து சேர்ந்ததோடு கணக்கு முடிந்தது என்று அலுவலகம் நினைத்துக்கொள்ளலாம். நீங்களும் அப்படியே நினைத்துவிட்டீர்களே என்பதுதான் என் வருத்தம். கைக்குழந்தையோடும் டிபன் கேரியரோடும் தண்ணீர்க் கூஜாவோடும் ஜி.டி. எக்ஸ்பிரஸிலும், 1976-க்குப் பிறகு தமிழ்நாடு எக்ஸ்பிரஸிலும் ஒன்றரை நாள் உட்கார்ந்து ஏறத்தாழ 2,180 கிலோமீட்டரைக் கடந்தவர்கள் நீங்கள். அத்தை மகன் கல்யாணத்துக்காக அந்தப் பாடு பட்டீர்கள். இன்று சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் மூன்று மணி நேரம்கூட ஆவதில்லை. பயணம் இவ்வளவு எளிதான பிறகும் போக்குவரத்து நின்றுபோயிருக்கிறது என்றால், தடை தூரத்தில் இல்லை.

அது நம் வழக்கத்தில் இருக்கிறது என்பது என் கணிப்பு. உறவைப் பார்த்துக்கொள்ள நம்மிடம் சடங்குகள் இருக்கின்றன. வளைகாப்பு, காதுகுத்து, கிரகப்பிரவேசம், அறுபதாம் கல்யாணம், பதினாறாம் நாள் காரியம் என்று எதற்காவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். போகாவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்க ஆள் உண்டு, மொய் நோட்டில் பெயர் இல்லையென்றால் பத்து வருஷம் கழித்தும் தெரிந்துவிடும். அதனால்தான் மனம் ஒட்டாத சித்தப்பாவைக்கூட ஆண்டுக்கு இரண்டு தடவை பார்த்துவிடுகிறோம். நண்பருக்கு இப்படி ஒரு பிடிமானமும் இல்லை. நீங்கள் போகாவிட்டால் அவர் கேட்கமாட்டார், கோபித்துக்கொள்ளமாட்டார், ஊரில் யாரிடமும் சொல்லிக் குறைப்படவும் மாட்டார். அவர் கேட்காமல் இருப்பதையே நாம் நமக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறோம். பிரிட்டனில் ராபின் டன்பார், சாம் ராபர்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கும் வேலைக்கும் போன முப்பது இளைஞர்களைப் பதினெட்டு மாதங்கள் தொடர்ந்து கவனித்தார்கள். உறவினரோடு இருந்த நெருக்கம் பிரிவைத் தாங்கி நின்றது. நண்பர்களோடு இருந்த நெருக்கம் குறைந்துகொண்டே போனது. குறையாமல் காத்துக்கொண்டவர்களில் பெண்களுக்குப் பேச்சு கைகொடுத்தது. ஆண்களுக்குச் சேர்ந்து எதையாவது செய்தால்தான் நட்பு நிலைத்தது. சிறிய ஆய்வு, இளைஞர்கள், வேறு நாடு. நம் வயதுக்கும் வாழ்க்கைக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் உங்கள் போனில் இருக்கும் பெயர்களை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தால், அந்த முடிவு உங்களுக்கும் எவ்வளவு பொருந்துகிறது என்று உங்களுக்கே தெரியும்.

‘தினமும் வாட்ஸ்அப்பில் பேசிக்கொண்டுதானே இருக்கிறோம், வீடியோவில் முகத்தைப் பார்க்கிறோமே’ என்பீர்கள். போனில் நாம் செய்தி சொல்கிறோம். சுகர் எவ்வளவு, பையனுக்கு விசா வந்ததா, டி.ஏ. எத்தனை சதவீதம் கூடியது. எல்லாம் சொல்லி முடித்ததும் ‘வேறென்ன’ என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறோம். சேர்ந்தாற்போல் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் ‘கேக்குதா, கேக்குதா’ என்று கத்துகிறோம். ஒரே பால்கனியில் ஆளுக்கொரு பத்திரிகையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருக்க முடியாத சாதனம் அது. அதைவிட முக்கியமாக, போன் உண்மையை மறைக்கும். நன்றாக இருக்கிறேன் என்று சொன்னவர் தேநீர்க் கோப்பையை எடுக்கும்போது அது தட்டில் கடகடவென்று ஆடுகிறது என்பதும், மாடிப்படி ஓரத்தில் புதிதாக ஒரு கைப்பிடி முளைத்திருக்கிறது என்பதும், கிழமை எழுதிய மாத்திரை டப்பாவில் செவ்வாய்க்கிழமை மாத்திரை வியாழக்கிழமையிலும் கிடக்கிறது என்பதும் நேரில் போனால்தான் தெரியும். கோப்பெருஞ்சோழனும் பிசிராந்தையாரும் பார்த்துக்கொள்ளாமலே நண்பர்களாக இருக்கவில்லையா என்று உங்களில் தமிழ் படித்தவர்கள் கேட்கக்கூடும். இருந்தார்கள். ஆனால் சோழன் உண்ணாமல் உயிர்விட வடக்கிருந்தபோது பாண்டிய நாட்டிலிருந்து பிசிராந்தையார் கிளம்பி வந்துதானே சேர்ந்தார்? பார்க்காத நட்புக்கு நாம் காட்டும் மிகப் பெரிய உதாரணமும் ஒரு பயணத்தில்தான் முடிகிறது. அந்தப் பயணம் சாவுக்கு அருகில் நடந்தது என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

‘போனால் பார்க்க அங்கே என்ன இருக்கிறது, எல்லாம்தான் மாறிவிட்டதே’ என்று சிலர் சொல்கிறீர்கள். உண்மைதான், மாறிவிட்டது. டெல்லியில் சரோஜினி நகர், நேதாஜி நகர், நௌரோஜி நகர் உள்ளிட்ட ஏழு அரசுக் காலனிகளை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட மத்திய அமைச்சரவை 2016-ல் ஒப்புதல் கொடுத்தது. நீங்கள் குடியிருந்த டைப்-டூ குவார்ட்டர்ஸ் நின்ற இடத்தில் இன்று அடுக்குமாடிகள் இருக்கலாம். நௌரோஜி நகரில் வணிக வளாகமே வந்துவிட்டது. ஜூன் மாதத்து இரவுகளில் கயிற்றுக் கட்டில் போட்டுப் படுத்த மொட்டை மாடி இல்லை, டோக்கன் போட்டுப் பால் பிடித்த மதர் டெய்ரி பூத்துக்குப் போன ஒற்றையடிப் பாதை இல்லை. ஆனால் இது போகாமல் இருப்பதற்கான காரணமாக எனக்குத் தெரியவில்லை. கட்டடம் இருந்தால் அது உங்களுக்காகக் காத்திருக்கும், பத்து வருஷம் கழித்தும் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அது போய்விட்ட பிறகு அந்த நாட்களுக்குச் சாட்சியாக மிஞ்சியிருப்பது அதே படிக்கட்டில் குடியிருந்த அந்த மனிதர் ஒருவர்தான். ஸ்ரீரங்கத்தில் நீங்கள் ‘டெல்லிக்காரர்’. பிள்ளைகளுக்கு நீங்கள் எப்போதும் அப்பா. இருபத்தெட்டு வயதில் செக்‌ஷன் ஆபீசருக்குப் பயந்து, இந்தியில் பாதி வாக்கியத்தைக் கையாலேயே பேசி, மாதக் கடைசியில் இருபது ரூபாய் கைமாற்று வாங்கிய அந்த இளைஞனைத் தெரிந்தவர் இந்த ஊரில் ஒருவரும் இல்லை. 1984 நவம்பரில் சீக்கியருக்கு எதிரான கலவரம் நடந்த அந்த நாட்களை ஒரே படிக்கட்டில் கதவை அடைத்துக்கொண்டு சேர்ந்து கழித்தவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். அதைப் பேச்சுத் துணைக்குக்கூட வேறு யாரிடமும் பகிர்ந்துகொள்ள முடியாது, விளக்கம் சொல்லவேண்டியிருக்கும். அவரிடம் விளக்க வேண்டாம்.

இப்போது கால அளவைப் பார்ப்போம், ஏனென்றால் என் அவசரத்துக்கு அதுதான் காரணம். இந்தியாவில் அறுபது வயதை எட்டியவர் சராசரியாக இன்னும் ஏறத்தாழ 18 ஆண்டுகள் வாழ்கிறார். அந்தப் பதினெட்டையும் பயணம் செய்யக்கூடிய ஆண்டுகள் என்று எடுத்துக்கொள்ள முடியாது. முழங்கால், கண்புரை, இதயம், மனைவியின் அல்லது கணவரின் உடல்நிலை, பேரக்குழந்தைக்காக அமெரிக்காவில் ஆறு மாதம் என்று கழித்துக்கொண்டே வந்தால் கையில் நிற்பது கொஞ்சம்தான். அதோடு, உங்கள் உடம்பு சரியாக இருந்தால் மட்டும் போதாது. அதே ஆண்டில், அதே மாதத்தில் அவருடைய உடம்பும் சரியாக இருக்க வேண்டும், அவருக்கு நினைவு தெளிவாக இருக்க வேண்டும், வீட்டில் விருந்தாளியை வைத்துக்கொள்ளும் நிலை இருக்க வேண்டும். இரண்டு வீட்டுக்கும் ஒத்துவரும் காலம் ஒரு வீட்டின் காலத்தைவிட எப்போதும் குறைவு. எண்பது வயதானதும் அரசு அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூட்டிக் கொடுக்கிறது. பணம் கூடுகிற அந்த வயதில் விமானப் படிக்கட்டு ஏற முடியுமா என்று யோசித்துப் பாருங்கள். ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்று ஐம்பது வயதில் சொல்லலாம். எழுபதில் சொல்வது ஏறக்குறைய மறுப்பதற்குச் சமம்.

செலவைப் பற்றி அதிகம் பேசப் போவதில்லை. குறைந்தபட்ச ஓய்வூதியமான 9,000 ரூபாயில் காலம் தள்ளுகிறவரை நான் விமானத்தில் போகச் சொல்லவில்லை. அவருக்கு வேறு வழி இருக்கிறது, பின்னால் வருகிறேன். மற்றவர்களான நீங்கள், விமானத்தை இன்னும் அதிகாரிகளின் வாகனமாகவே நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 2003-ல் ஏர் டெக்கான் தொடங்கிய மலிவுக் கட்டணக் காலத்துக்குப் பிறகு நாடு மாறிவிட்டது. 2024-ல் மட்டும் உள்நாட்டு விமானங்களில் 16 கோடிக்கும் அதிகமான பயணங்கள் நடந்திருக்கின்றன. ஆண்களுக்கு 40, பெண்களுக்கு 50 சதவீதமாக இருந்த மூத்த குடிமக்கள் சலுகையை ரயில்வே 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. அதற்குப் பிறகு செகண்ட் ஏசி கட்டணத்துக்கும், ஒன்றரை மாதம் முன்னதாக எடுக்கும் விமானச் சீட்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் பேரன் பிறந்தநாளுக்கு நீங்கள் செய்கிற செலவைவிடக் குறைவாகத்தான் இருக்கும். உங்கள் நண்பர்கள் எல்லாரும் டெல்லியிலேயே இருக்கிறார்கள் என்றும் சொல்லமாட்டேன். பெங்காலி நண்பர் ரிடையராகி சிலிகுரிக்குப் போயிருப்பார், அசாமியர் கௌஹாத்திக்கு, இன்னொருவர் லக்னோவுக்கு. 2014-ல் எழுபது சொச்சமாக இருந்த விமான நிலையங்கள் பத்தே ஆண்டுகளில் 150-ஐத் தாண்டிவிட்டன. ரயிலில் இரண்டு நாளுக்கு மேல் ஆகும் கௌஹாத்திக்கு இப்போது காலையில் கிளம்பினால் அன்றைக்கே அவர் வீட்டில் சாப்பிடலாம்.

பணத்தைவிடப் பெரிய தயக்கம் ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ‘அவர் இப்போது மகன் வீட்டில் இருக்கிறார், மருமகளுக்குத் தொந்தரவு. நாம் போய் நிற்பது நன்றாக இருக்குமா? அவரும்தான் நம்மைக் கூப்பிடவில்லையே.’ இந்தத் தயக்கத்தில் நாகரிகம் இருக்கிறது, நான் அதைக் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் இதே தயக்கம்தான் அவரிடமும் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்த்தீர்களா? இருவரும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்யாமலே காலத்தைக் கழித்துவிடுவீர்கள். பழைய நண்பரைத் தொடர்புகொள்வதைப் பற்றி அமெரிக்காவில் பெகி லியூவும் உடன் ஆய்வாளர்களும் 2022-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. நாம் தொடர்புகொண்டால் எதிராளி எவ்வளவு மகிழ்வார் என்பதை மனிதர்கள் தொடர்ந்து குறைவாகவே மதிப்பிடுகிறார்கள் என்பதும், எதிர்பாராத தொடர்பாக இருந்தால் அந்த மகிழ்ச்சி இன்னும் கூடுகிறது என்பதும் அதன் முடிவு. மருமகளைப் பற்றிய கவலைக்கு வழி இருக்கிறது. மூன்று இரவுக்கு மேல் வேண்டாம். என்றைக்கு வருகிறோம், என்றைக்குக் கிளம்புகிறோம் என்பதை முதல் பேச்சிலேயே சொல்லிவிடுங்கள். திரும்பும் டிக்கெட் கையில் இருக்கிற விருந்தாளியை எந்த வீடும் தாங்கும். வீடு சின்னது என்று தெரிந்தால் நடக்கும் தூரத்தில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, காலைக் காப்பியிலிருந்து இரவுச் சாப்பாடு வரை அவரோடு இருங்கள். தாஜ்மகால், அக்ஷர்தாம் எதையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். உங்களைச் சுற்றிக் காட்டும் வேலை அவர் தலையில் விழுந்தால் அது தொந்தரவு. அவர் பென்ஷன் வாங்கப் பேங்குக்குப் போகிறார் என்றால் கூடப் போங்கள், காய்கறி வாங்கப் போகிறார் என்றால் பையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு தடை பத்து ஆண்டுகளாகப் புதிதாக முளைத்திருக்கிறது. உங்களில் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை. அரசியல். அவர் அனுப்பும் செய்திகள் உங்களுக்குப் பிடிக்கவில்லை, நீங்கள் அனுப்புவது அவருக்குப் பிடிக்கவில்லை. இந்தியைப் பற்றி ஏதோ ஒரு வாக்குவாதம், குழுவிலிருந்து ஒருவர் வெளியேறினார், அதற்குப் பிறகு பேச்சு குறைந்துவிட்டது. இந்த மனஸ்தாபத்தைப் போனிலேயே வைத்துக்கொண்டிருந்தால் அது ஆறாது என்பது என் உறுதியான எண்ணம். அங்கே நீங்கள் பார்ப்பது யாரோ எழுதி, யாரோ அனுப்பி, அவர் படிக்காமலே தள்ளிவிட்ட வாசகங்களை. நேரில் போனால், உங்கள் குழந்தைக்கு நள்ளிரவில் ஜுரம் கண்டபோது ஸ்கூட்டரில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன மனிதர் எதிரே உட்கார்ந்திருப்பார். கருத்து வேறுபாடு அப்போதும் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும், கூடவே மற்றதும் இருக்கும். தமிழனும் பஞ்சாபியும் பெங்காலியும் ஒருவரை ஒருவர் செய்தித் தொலைக்காட்சி வழியாக மட்டுமே அறிந்துகொள்ளும் நாடாக இது மாறிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து வீட்டுக்காரராக அறிந்துகொண்ட கடைசித் தலைமுறைகளில் ஒன்று உங்களுடையது. அந்த அறிமுகத்தைப் பேணுவது உங்கள் இரு குடும்பங்களையும் தாண்டிய காரியம் என்றே நான் நினைக்கிறேன்.

உடம்பைப் பற்றிய பயம் நியாயமானது; கேட்டுத் தெரிந்துகொண்டால் பாதி குறைந்துவிடும். இதயச் சிகிச்சை முடிந்தவர்களும் நுரையீரல் கோளாறு உள்ளவர்களும் டாக்டரைக் கேட்காமல் டிக்கெட் எடுக்காதீர்கள். விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தம் ஆறாயிரம், எட்டாயிரம் அடி உயர மலையில் இருப்பதற்கு ஒப்பானது. நடக்கச் சிரமம் என்றால் டிக்கெட் எடுக்கும்போதே வீல்சேர் வேண்டும் என்று குறித்துவிடுங்கள். அதைக் கேட்பதில் கௌரவக் குறைவு எதுவும் இல்லை. இன்சுலினையும் தினசரி மாத்திரைகளையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். டெல்லி என்றால் மாதத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அங்கே காற்று நெஞ்சை அடைக்கும், மார்கழியிலும் தை முதல் பாதியிலும் மூடுபனி விமானங்களை மணிக்கணக்கில் நிறுத்திவைக்கும். மாசி, பங்குனி உத்தமம். 2025 டிசம்பரில் ஆயிரக்கணக்கான விமானங்கள் ரத்தாகிப் பயணிகள் நிலையங்களில் படுத்துக் கிடந்ததைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். பயப்பட வேண்டியவர் மறுநாள் முகூர்த்தத்துக்குப் போகிறவர். முகூர்த்தம் இல்லாத பயணம் உங்களுடையது, ஒரு நாள் தள்ளிப் போனால் ஒன்றும் கெடாது. விமானம் சுற்றுச்சூழலைக் கெடுக்கிறதே என்று கேட்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நேர்மையாகப் பதில் சொல்ல வேண்டும். கெடுக்கத்தான் செய்கிறது. ஆனால் உலகத்தில் 2018-ல் விமானம் ஏறியவர்கள் பத்தில் ஒருவர்தான் என்றும், பயணிகள் விமானப் புகையில் பாதி அளவு அடிக்கடி பறக்கும் ஒரு சதவீதத்தினரால் வருகிறது என்றும் ஒரு சர்வதேச ஆய்வு கணக்கிட்டது. வாரம் ஒருமுறை மீட்டிங்குக்குப் பறப்பதையும் பத்து ஆண்டில் ஒருமுறை நண்பரைப் பார்க்கப் பறப்பதையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. எதையாவது குறைக்கத்தான் வேண்டுமென்றால் வீடியோவிலேயே முடித்துக்கொள்ளக்கூடிய அலுவலகப் பயணத்தைக் குறைக்கட்டும்.

இனி உங்களில் ஆண்களிடம் தனியாகச் சொல்ல வேண்டியது ஒன்று. மடலின் தொடக்கத்திலிருந்து ‘நண்பர்’ என்று நான் எழுதியபோதெல்லாம் உங்கள் மனத்தில் வந்தவர் உங்கள் அலுவலகத்துக்காரர்தான் என்று நினைக்கிறேன். அவரைத் தேடுவது கடினமில்லை. யூனியன் இருக்கிறது, ஓய்வூதியர் சங்கம் இருக்கிறது, ஒவ்வொரு நவம்பரிலும் உயிர்வாழ்வுச் சான்றிதழ் கொடுக்கும்போது யார் இருக்கிறார், யார் இல்லை என்ற தகவல்கூட வந்துவிடுகிறது. உங்கள் மனைவியின் தோழிக்கு என்ன இருக்கிறது? ஒரு வார்த்தை இந்தி தெரியாமல் கல்யாணமான புதிதில் உங்கள் பின்னால் வந்து இறங்கிய அந்தப் பெண்ணுக்கு, எதிர்வீட்டுக் கதவுதான் முதல் பள்ளிக்கூடம். மாவு பிசையச் சொல்லிக்கொடுத்தவளும், காய்கறி வண்டிக்காரனிடம் பேரம் பேசக் கற்றுக்கொடுத்தவளும், பிரசவத்துக்குச் சப்தர்ஜங் ஆஸ்பத்திரிக்குப் போனபோது மூத்த பிள்ளையை ஒரு வாரம் தன் வீட்டில் வைத்துக்கொண்டவளும் அவள்தான். பதிலுக்கு உங்கள் வீட்டிலிருந்து இட்லி மாவும் ரசப்பொடியும் போயின. நீங்கள் ஆபீசில் இருந்த எட்டு மணி நேரமும் அவர்கள் இருவரும் ஒருவர் வீட்டில் ஒருவர் இருந்தார்கள். உங்கள் நட்பைவிட அவர்கள் நட்புக்குப் பழகிய நேரம் அதிகம். ஆனால் அந்தத் தோழியின் எண் உங்கள் போனில் அவள் கணவன் பெயரில்தான் இருக்கிறது. அவர் காலமானால் அந்த எண்ணும் நின்றுவிடும். குவார்ட்டர்ஸைக் காலி செய்தபோது லேண்ட்லைன் போயிற்று, அதோடு பல தோழிகள் தொலைந்தார்கள். ரிடையரானதும் எங்கே குடியேறுவது என்பதை முடிவு செய்தது பெரும்பாலும் நீங்கள்தான். அது உங்கள் ஊர், உங்கள் அண்ணன் தம்பிகள், உங்கள் பள்ளித் தோழர்கள் இருக்கும் ஊர். ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு வயதில் உங்கள் மனைவி இரண்டாவது முறையாகத் தெரியாத ஊரில் வந்து இறங்கினார். இந்தத் தடவை கதவைத் தட்டிச் சேர்த்துக்கொள்ள எதிர்வீட்டில் யாரும் இல்லை.

ஆகவே என் வேண்டுகோளை இப்படி வைக்கிறேன். முதல் பயணம் உங்கள் நண்பரைப் பார்க்க வேண்டாம், உங்கள் மனைவியின் தோழியைப் பார்க்கப் போங்கள். மனைவி யாரைப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று இன்று இரவு சாப்பிடும்போது கேளுங்கள். ‘அதெல்லாம் எதற்கு இப்போது’ என்றுதான் முதலில் சொல்வார், இரண்டாவது தடவையும் கேளுங்கள். எண் இல்லையென்றால் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். கேந்திரிய வித்யாலயாவிலோ டெல்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் ஒன்றிலோ உங்கள் பிள்ளைகளோடு படித்தவர்கள் அந்தத் தோழிகளின் பிள்ளைகள். பேஸ்புக்கில் ஒருவரைப் பிடித்தால் அம்மாவின் எண் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும். கணவரை இழந்து தனியாக இருக்கும் அம்மாக்களின் மகன்களே, மகள்களே, இதை நீங்கள் செய்ய வேண்டும். டிக்கெட் எடுத்து, வீல்சேர் குறித்து, முடிந்தால் ஒருவர் கூடப் போய் விட்டுவிட்டு வாருங்கள். வேலைக்குப் போன பெண்கள் யாருடைய அனுமதியையும் எதிர்பார்க்காமல் கிளம்பலாம். உடம்பு இடம் கொடுக்காதவர்கள், அங்கிருப்பவருக்குப் போக வர டிக்கெட் எடுத்து அனுப்பி இங்கே வரவழையுங்கள். செலவு தாங்காத நண்பர் ஒருவர் இங்கேயோ அங்கேயோ இருந்தால், கொஞ்சம் வசதியான இரண்டு பேர் சேர்ந்து அவர் சீட்டையும் ஏற்றுக்கொள்ளுங்கள். நான் பின்னால் வருகிறேன் என்று சொன்ன வழி இதுதான். தேதி மாசியிலோ பங்குனியிலோ இருக்கட்டும். தேதியை முடிவு செய்துவிட்டு அவரிடம் போனில் சொல்லுங்கள். வரலாமா என்று கேட்க வேண்டாம், வருகிறோம் என்று சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் நலம் விரும்பும் ஒருவர்